தப்புச் சொல்ல ஒரு ஆள்

எங்கள் தலைமையாசிரியர் ஒமுர்பெக்கை அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இரண்டு தடவை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, என்னிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் இன்றைக்கும் அவன் கால்கள் தானாகக் கதவுப் பக்கம் நகரும். அன்றைக்கும் அப்படித்தான், ஆசிரியர் அறைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றான்.

"ஜிபார் அக்கா, உக்காந்திருக்கீங்களா?"

"கண்ணு தெரியலையா? உக்காந்துதான் டீ குடிச்சிட்டிருக்கேன். விஷயத்தைச் சொல்லு."

"கோபப்படக் கூடாது."

"நீ சொல்லி முடி. படறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

விஷயம் இதுதான். மார்ச் கடைசியில் மாவட்டத்திலிருந்து கமிஷன் வருகிறது. என் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எல்லா ஆசிரியருக்கும் வருகிற தேர்வுதான், எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு கூடுதல் நிபந்தனை இருந்தது.

"மாணவரை நடுவுல வெச்சுப் பாடம் நடத்தணுமாம். டீச்சர் கொஞ்சமாப் பேசணும், பிள்ளைங்க நிறையப் பேசணும். விளையாட்டெல்லாம் வேணுமாம்."

"ஏண்டா, முப்பத்தஞ்சு வருஷமா 'பேசாதே, பேசாதே'ன்னு சொல்றதுக்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தீங்க?"

"அது பழசு அக்கா. இப்போ புதுசு." அவன் இன்னும் அரை அடி பின்னால் போனான். "தேறலைன்னா... எனக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி. செப்டம்பர்லேருந்து உங்களுக்கு வகுப்பு தர முடியாது. உங்களுக்கும் அம்பத்தேழு ஆச்சு. அடுத்த வருஷம் ஓய்வூதியம் வரப்போகுது. வீட்டுல நிம்மதியா இருக்கலாமே?"

எங்கள் பக்கம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே பாடம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளும். நானும் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடிகிறவரைக்கும் வருவேன் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். நிம்மதியாம் நிம்மதி! என் வீட்டு நிம்மதி எனக்குத் தெரியாதா? என் கணவர் சாகின் காலையில் தொலைக்காட்சியைப் போட்டு, செய்தி வாசிக்கிற பெண்ணோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிறுத்துவார். அன்றைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் என்ன ஒரு மலர்ச்சி!

"நல்லதாப் போச்சு. இனி மாட்டை நீயே கறந்துக்கலாம்."

நான் தட்டை எடுத்து மேசையில் வைத்த சத்தத்தில் அவர் ஒரு நிமிடம் அந்தப் பெண்ணைக்கூட மறந்துவிட்டார்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு முப்பது பிள்ளைகள் தடதடவென்று எழுந்து நிற்கிற சத்தம் இல்லாமல் எப்படி ஒரு நாளைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் நரின் நகரத்தில் இந்தப் புது முறைக்காக நடந்த மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு வார்த்தை பேசாமல் போனேன்.

பயிற்சி கொடுத்தவள் பெகாயிம் என்ற பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஒரு காலணி. எங்கள் முப்பத்திரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். எல்லோரும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இன்னைக்கு உங்க எல்லாருக்கும் பன்னிரண்டு வயசு" என்றாள்.

பத்து மணிக்கெல்லாம் எங்களுக்கு நிஜமாகவே பன்னிரண்டு வயதாகிவிட்டது. பின் வரிசையில் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதியியல் டீச்சர், முன்னால் இருந்தவளின் சால்வையை நாற்காலியோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். கேள்வியைக் காகிதத்தில் எழுதி, கசக்கி, பனிப்பந்து மாதிரி எறிய வேண்டும், யார் காலடியில் விழுகிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு. நான் எறிந்த பந்து நேராகப் போய் ஓர் இயற்பியல் ஆசிரியரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் குறிபார்த்துத் திருப்பி எறிந்தார். கேள்வியை யாரும் படிக்கவே இல்லை.

அப்புறம் பெகாயிம் காகிதத்தில் கொக்கு செய்யச் சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை கரும்பலகைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். "மடிக்கவும். திருப்பவும். உள்பக்கமாக இழுக்கவும்."

"எந்த உள்பக்கம்?" என்று கேட்டேன்.

"நடுவுல கேள்வி கேக்கக் கூடாது! கவனிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்!"

அடிப் பாவி! அது என்னுடைய வாக்கியம். ராகம்கூட என்னுடையதுதான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேதியியல் டீச்சருடையதைப் பார்த்துக் காப்பியடித்தேன். அவள் கையால் மறைத்துக்கொண்டாள். கடைசியில் என் கொக்கு, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த பூட்ஸ் மாதிரி இருந்தது. முப்பத்திரண்டு பேரில் ஒரே ஒருவர்தான் கொக்கு செய்திருந்தார்.

இரண்டாம் தடவை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம், தப்பு வந்தால் பிரித்து மறுபடி மடிக்கலாம் என்றாள். அவள் சும்மா நடந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் மேசைமேல் இருபத்தைந்து கொக்கு. என்னுடையதற்கும் கழுத்து நேராக நின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாகினிடம் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பெகாயிம் சொன்னாள்: "பெரிசா எதுவும் செய்ய வேணாம் அக்கா. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு விளையாட்டு. சொதப்பினா சிரிச்சிட்டு, அடுத்த நாள் வேற ஒண்ணு."

சொதப்பல் என்றால் சாதாரணச் சொதப்பலா! திரும்பி வந்த முதல் நாள் என் ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னேன். வட்டம் முழுமையாகச் சேரும்போது மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் கலந்து பேசுங்கள் என்றேன். பேசினார்கள், ஞாயிற்றுக்கிழமைக் குதிரைப் போட்டியில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்று. பனிப்பந்து விளையாட்டு அன்று ஜன்னல் திறந்திருந்தது. நாலு கேள்வி முற்றத்தில் போய் விழுந்தது. அதில் ஒன்றைக் காவலாளியின் கழுதை தின்றுவிட்டது.

"அக்கா, அந்தக் கேள்விக்குப் பதிலும் கழுதைதான் சொல்லணும்" என்றான் அமன்தூர். வகுப்பிலேயே கெட்டிக்காரன், வாயும் அதற்கேற்ற நீளம்.

"நீ போய் அதுக்கு உதவி பண்ணு" என்றேன்.

பிறகு 'நீங்கள் ஆசிரியர், நான் மாணவி' விளையாட்டு. அமன்தூர் என் கண்ணாடியை வாங்கி மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்: "உன் தலைக்குள்ள என்ன இருக்கு? மூளையா, காஞ்ச தயிர்க்கட்டியா? முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்ல!" பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேனா, எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க முடியாத கோபம் சீக்கிரம் சிரிப்பாகிவிடுகிறது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டாவது வாரம் ஜோடிப் பேச்சில் குதிரைக்கு நடுவே கொஞ்சம் கணக்கும் வர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மாதம் கொடுத்திருந்தால் தேறியிருப்போம். ஆனால் கமிஷனுக்கு இருந்தது பத்தே நாள்.

ஒமுர்பெக் வந்து வகுப்பை எட்டிப் பார்த்தான். பெஞ்சுகள் கோணல்மாணலாகக் கிடந்தன, இரண்டு பேர் ஜன்னலில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, விஷப்பரீட்சை வேணாம். எப்பவும் போல ஒத்திகை பார்த்துடுவோம்."

எப்பவும் போல என்றால், எங்கள் ஊரில் பிறந்து படித்த எல்லோருக்கும் தெரியும். வெளியாட்கள் பார்க்க வருகிற பாடம் என்றால் நாலு தடவையாவது ஒத்திகை நடக்கும். கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வந்தவர்களுக்கு ஒரே காடு மாதிரி கைகள் தெரியும். டீச்சர் வலது கைகளாகப் பார்த்து எழுப்புவாள். பழகிப்போய் மற்ற நாட்களிலும் பிள்ளைகள் அப்படியேதான் தூக்கும். என்னை என் டீச்சர் அப்படித்தான் பழக்கினாள், ஒமுர்பெக்கை நான் பழக்கினேன். அவன் எட்டாம் வகுப்பு முழுக்க இடது கையோடேயே ஓட்டினவன்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வகுப்பு போய்விடும் என்ற பயம் என்னை அப்படி ஆட்டிவைத்தது. அன்று சாயங்காலமே ஒமுர்பெக்கும் நானும் உட்கார்ந்து, பிள்ளைகள் தாங்களாகவே சுதந்திரமாகப் பேசுகிற பாடத்தை ஒவ்வொரு வரியாக எழுதினோம். ஐந்தாவது நிமிடம் யாருக்குத் திடீரென்று சந்தேகம் வர வேண்டும், ஒன்பதாவது நிமிடம் யார் யாருக்கு உதவ ஓட வேண்டும், எந்த இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும் எல்லாம் எழுதியாயிற்று. ஒமுர்பெக் கமிஷனின் தாளை வாசித்தான்.

"'மாணவர் தவறு செய்ய அஞ்சாதிருத்தல், சக மாணவர் அதைத் திருத்துதல்.' இதுக்கு அஞ்சு மதிப்பெண் இருக்கு அக்கா. அப்போ தப்புச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

பதினாலாவது நிமிடத்தில் ஒரு தப்பைப் போட்டோம். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு? ஒரு பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று சொல்ல வேண்டும். இன்னொரு பிள்ளை எழுந்து, அது தப்பு, ஆறில் ஐந்து என்று திருத்த வேண்டும்.

அமன்தூரிடம் கேட்டேன். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"நானா? தப்பா? எங்கப்பா காதுக்குப் போச்சுன்னா? திருத்துறதுக்கு வேணா வரேன்."

ஜன்னல் ஓரத்தில் மூன்றாவது பெஞ்சில் ஆய்சுலு இருந்தாள். அவள் அம்மா கடைக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவள். செப்டம்பரிலிருந்து அந்தப் பிள்ளையின் இடது கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சொன்ன வார்த்தையைப் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காத மாதிரி சொல்கிற குழந்தை. எழுப்பி அவமானப்படுத்துவானேன் என்று நானும் எழுப்பியதில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"ஆய்சுலு, இது உனக்குத்தான் பொருத்தமா இருக்கும்" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! நாடகத்தில் ராஜகுமாரி வேஷம் கொடுத்த மாதிரி பூரித்துப்போனாள். ஒரு வரிதான். அதைத் தாளில் எழுதி வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் ஒத்திகையில் "ஐந்தில் இரண்டு!" என்று அவள் சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கணீரென்று. மூன்றாவது ஒத்திகை முடிந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, வேற தப்புச் சொல்லலாமா?"

"ஏன், இந்தத் தப்புக்கு என்ன குறைச்சல்?"

"இது... ரொம்பத் தப்பா இருக்கு."

"தப்புன்னா தப்பாத்தான் இருக்கும். எழுதிக் கொடுத்ததைச் சொல்லு போ" என்று அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது தலைக்குமேல் வேலை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

கமிஷனில் இரண்டு பேர். ஒருவர் தாஷ்தன்பெக், அறுபது வயது, முன்னாள் புவியியல் ஆசிரியர், கால் மணிக்கு ஒரு தடவை கைக்குட்டையால் வழுக்கையைத் துடைப்பார். இன்னொருத்தி, என் நல்ல காலமோ கெட்ட காலமோ, அதே பெகாயிம். இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஒமுர்பெக் அவர்களுக்குப் பக்கத்தில். அவன் மனசெல்லாம் ஆசிரியர் அறையில் இருந்தது. அங்கே பொரித்த மாவுருண்டையும் குதிரைக்கறியும் பழக்கூழும் பரப்பி வைத்திருந்தான்.

பாடம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஐந்தாவது நிமிடம் சந்தேகம் வந்தது. ஒன்பதாவது நிமிடம் உதவிக்கு ஓடினார்கள். கைகள் காடாக எழுந்தன. சிரிக்க வேண்டிய இடத்தில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் நிறுத்தியது கொஞ்சம் பயங்கரமாக இருந்தது, ஆனாலும் சிரித்தார்கள். தாஷ்தன்பெக் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பெகாயிம் எதுவும் எழுதவில்லை.

பதினாலாவது நிமிடம். கரும்பலகையில் கணக்கை எழுதினேன். "ஆய்சுலு, நீ என்ன நினைக்கிறே?"

எழுந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் காது நுனி சிவந்தது.

"ஆறில் ஐந்து" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அமன்தூர் நிற்கவில்லை. அவனுக்கு முறை வந்துவிட்டதே! விருட்டென்று எழுந்து, மனப்பாடம் செய்ததைக் கம்பீரமாக எடுத்துவிட்டான்.

"தப்பு ஆய்சுலு! பரவாயில்லை, தப்புலதான் நாம கத்துக்கிறோம். மேலேயும் கீழேயும் அப்படியே கூட்டக் கூடாது. சரியான விடை, ஆறில் ஐந்து!"

வகுப்பு சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தது. அது எழுதின இடத்தில் இல்லை. தாஷ்தன்பெக் பேனாவை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணும் அதைத்தானே சொல்லிச்சு?"

அமன்தூர் பேந்தப் பேந்த விழித்தான். "அவ ஐந்தில் இரண்டுன்னு சொல்லியிருக்கணும் ஐயா" என்று என்னைக் காட்டிக்கொடுத்தான். ஒமுர்பெக்குக்குப் புரையேறி இருமல் வந்தது. ஆய்சுலு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் சொல்லத்தான் நினைச்சேன். ஆனா தப்புன்னு தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சப்புறம் எப்படிச் சொல்றது?"

பெகாயிம் மெதுவாகக் கேட்டாள்: "ஜிபார் அக்கா, இந்தப் பாடம் எழுதி வெச்சதா?"

பிள்ளை பதற்றத்தில் உளறுகிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. என் வகுப்பு, என் செப்டம்பர் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட அன்றைக்கே அந்தக் குழந்தையை எல்லோர் முன்னாலும் மடச்சியாக்க வேண்டும். முடியவில்லை.

"ஆமா" என்றேன். "சிரிப்பு உள்பட எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. இவ சொன்ன விடை ஒண்ணுதான் இன்னைக்கு நான் எழுதாதது."

போனது போகட்டும், எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "ஆய்சுலு, தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்டுல சொல்லிப் பழகினேன் அக்கா. அம்மா சுட்ட ரொட்டியை வெச்சுக்கிட்டு. பாதி ரொட்டி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம். அப்போ பாதியைவிட ஜாஸ்தி ஆகணும். ஐந்தில் இரண்டுன்னா பாதியைவிடக் குறைச்சல். சேர்த்தா எப்படிக் குறையும்?" குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "அப்புறம் ரொட்டியை ஆறாப் பிய்ச்சேன். பாதின்னா மூணு துண்டு. மூணுல ஒண்ணுன்னா ரெண்டு துண்டு. மொத்தம் அஞ்சு. அம்மா திட்டினாங்க, கடைக்குப் போற ரொட்டின்னு."

"ஏன் ஆறு? நாலாப் பிய்ச்சா ஆகாதா?" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல். அது எங்கள் தாளில் இல்லாத கேள்வி. "நாலை மூணாப் பங்கு போட்டுப் பாருடா" என்று இன்னொருவன். "பன்னிரண்டு ஆகும்!" "பன்னிரண்டுன்னா ரொட்டி தூளாயிடும்!" அமன்தூர் கரும்பலகைக்கே ஓடி வந்து வட்டம் போட ஆரம்பித்தான். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

வெளியே வராந்தாவில் தாஷ்தன்பெக் வழுக்கையைத் துடைத்தார். "ஒத்திகை பார்த்த பாடத்துக்கு நான் மதிப்பெண் போட முடியாதும்மா. சட்டம் அப்படி."

"தெரியும் ஐயா" என்றேன்.

பெகாயிம் கேட்டாள்: "அடுத்த மணிக்கு உங்களுக்கு என்ன?"

"ஆறாம் வகுப்பு. ஆனா அதுக்கு நான் ஒண்ணுமே தயார் பண்ணலையே."

"அதான் எங்களுக்கு வேணும். ஐயா, உள்ளே போகலாமா?"

"அங்கே கறி ஆறிப்போயிடும்..." என்றான் ஒமுர்பெக்.

"ஆறட்டும்" என்றாள் அவள்.

ஆறாம் வகுப்பில் சதவீதம். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். என் கையில் தாள் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அப்படி வெறுங்கையோடு நான் நின்றதில்லை, தலைக்குள் நிஜமாகவே காய்ந்த தயிர்க்கட்டிதான் இருந்தது. சும்மா நிற்கக் கூடாதே என்று கரும்பலகையில் எழுதினேன்: ஒருவரிடம் நூறு ஆடுகள். வசந்தத்தில் மந்தை பத்து சதவீதம் கூடியது. பனிக்காலத்தில் பத்து சதவீதம் குறைந்தது. இப்போது எத்தனை?

"விடை சொல்லுங்க" என்று வாய்வரை வந்தது. ஆய்சுலு ரொட்டியைப் பிய்த்தது ஞாபகம் வந்தது. தப்பைச் சொல்லிச் சொல்லித்தானே அவளுக்குச் சரி தெரிந்தது?

"எனக்குச் சரியான விடை வேணாம்" என்றேன். "தப்பான விடை வேணும். ஆனா அசட்டுத் தப்பு வேணாம். கேட்டவன் நம்பி ஏமாறணும். யாரு நல்லா ஏமாத்துறீங்களோ அவங்க ஜெயிச்சாங்க. மூணு பேர் மூணு பேராச் சேர்ந்துக்குங்க."

அரை நொடி நம்பாமல் பார்த்தார்கள். அப்புறம் பாருங்கள் அமளியை! "எண்பதுன்னு சொன்னா எவன் நம்புவான்?" "ஓநாய் தின்னுடுச்சுன்னு சேர்த்துக்கோ." "அதெல்லாம் கூடாது, கணக்காவே ஏமாத்தணும்." "முதல்ல சரி எவ்வளவுன்னு பாருடா, அப்போதானே தப்புப் பண்ண முடியும்!" நான் சுவரில் சாய்ந்து நின்றேன். யாருக்கும் நான் தேவைப்படவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் குழு எழுந்தது. ஒரு பெண் பிள்ளை நிதானமாகச் சொன்னாள்: "பத்து சதவீதம் கூடிச்சு. அதே பத்து சதவீதம் குறைஞ்சுது. கூடினதும் குறைஞ்சதும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. ஆக, பழையபடி நூறு."

பின்னாலிருந்து தாஷ்தன்பெக் கையை உயர்த்தினார். "ஏம்மா, தப்பு சொல்லுன்னுதானே டீச்சர் சொன்னாங்க? நீ சரியாச் சொல்லிட்டியே. நூறுதானே?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பொடியன்தான் தாங்க முடியாமல் கத்தினான்: "ஐயா ஏமாந்துட்டாரு!"

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஒமுர்பெக் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான், இனி நான் மட்டுமல்ல, அவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது போல. ஆனால் அந்தப் பெண் பிள்ளை நேராக அவர் பெஞ்சுக்கே போய்விட்டாள்.

"ஐயா, நூத்துல பத்துன்னா பத்து ஆடு. இப்போ நூத்திப்பத்து. பனிக்காலத்துல குறையறது இந்த நூத்திப்பத்துல பத்து சதவீதம். அப்போ எத்தனை?"

"பதினொண்ணு" என்றார் தாஷ்தன்பெக்.

"மிச்சம்?"

"தொண்ணூத்தி ஒம்பது." அவர் தன் தாளில் எழுதிப் பார்த்தார், மறுபடி எழுதிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அட! எங்க வீட்டுலயும் ஆடு இருக்கு. இத்தனை வருஷமா இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கேன்!"

"நல்ல தப்பு ஐயா" என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். "எல்லாரும் அங்கேதான் விழுவாங்க."

அன்றைக்கு அந்த வகுப்பு ஏழு தப்புகளைக் கொண்டுவந்தது. மணி அடித்தபோது, இன்னும் எங்கள் தப்பைக் கேட்கவில்லையே என்று இரண்டு குழுக்கள் சண்டை பிடித்தன. அவர்களை நாளைக்கு என்று சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆசிரியர் அறையில் ஆறிப்போன கறியைத் தாஷ்தன்பெக் ரசித்துச் சாப்பிட்டார். முதல் பாடத்தைப் பற்றிய தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டார். பெகாயிமும் போட்டாள். "அந்தத் தப்பு விளையாட்டை எங்க கத்துக்கிட்டீங்க அக்கா? நான் சொல்லிக் கொடுக்கலையே" என்றாள்.

"ஐந்தாம் வகுப்புல ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தா" என்றேன்.

ஒமுர்பெக் என் காதருகே குனிந்தான். "செப்டம்பர்ல அஞ்சும் ஆறும் உங்களுக்குத்தான் அக்கா. ஓய்வூதியம் அதுபாட்டுக்கு வரட்டும்." எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "இனிமே ஒத்திகைன்னு வந்தே, மறுபடி வெளியே நிறுத்துவேன்" என்று மட்டும் சொன்னேன்.

தட்டிலிருந்து மாவுருண்டையை ஒரு பிடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் ஆய்சுலு கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் வகுப்பு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாகிறது. மூக்கு சிவந்திருந்தது.

"உங்களை அனுப்பிடுவாங்கன்னு அமன்தூர் சொன்னான். என்னாலதான்னு."

"அவனுக்கு என்ன தெரியும், தப்பு எது சரி எதுன்னே தெரியாம எழுந்து நின்ன பய. யாரும் யாரையும் அனுப்பலை. இந்தா, சாப்பிடு."

அவள் மாவுருண்டைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், சாப்பிடவில்லை. போகாமல் நின்றாள்.

"அக்கா, நாளைக்கும் நான் சரியாச் சொல்லலாமா?"

என்னை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு பிள்ளை என்னிடம் அதற்கு அனுமதி கேட்கிறது, கேட்க வைத்தவள் நான். குனிந்து அவள் தொப்பியின் கயிற்றைக் கட்டிவிட்டேன், ஏற்கெனவே ஒழுங்காகத்தான் கட்டியிருந்தாள்.

"சொல்லு கண்ணு" என்றேன். "நாளைக்கு முதல் கேள்வி உன்னைத்தான் கேக்கப் போறேன்."